செருப்புக்கடையில் வாங்கிய காப்பிக்கொட்டை

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில்தான் அவளுக்கு வேலை. ஜன்னல் இல்லாத அறை. ஓர் உயரமான நாற்காலி, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை, மேசைமேல் திறந்த பெட்டியில் வரிசையாக வில்லைகள். வருகிறவர் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டிவிட்டு, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?" என்று கேட்பாள். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை இதே கேள்விதான். கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்கு 'ஒண்ணா ரெண்டா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு நேரிலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த வேலைக்கு அவளைப் படிக்கவைத்தது அவளுடைய அக்கா. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால், தங்கைக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து எல்லாமே அக்காதான். எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் குடை, எந்த நிறத்தில் மழைக்கோட்டு என்று அக்கா சொல்வாள். தங்கை சரி என்பாள். கல்யாணமும் அக்கா பார்த்து முடித்ததுதான். அது சரிப்பட்டு வரவில்லை. அதையும் முதலில் கண்டுபிடித்தவள் அக்காதான். ஒரு நாள் போனில், "போதும், பெட்டியைக் கட்டிட்டு வந்து சேரு" என்றாள். தங்கை பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து அக்கா வீட்டு மாடியறைதான் அவள் இடம்.

அக்கா பஸ் டிப்போவில் நேரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் டீக்கடையில் நின்று கதை அளந்துகொண்டிருக்கிறார் என்பதெல்லாம் அவள் விரல்நுனியில் இருக்கும். குரலும் அந்த வேலைக்கேற்ற குரல்தான். மைக் கெட்டுப்போன நாட்களில் யாரும் அதைச் சரிசெய்ய அவசரப்பட மாட்டார்கள். அக்காவின் கணவர், தங்கைக்கு அத்தான், தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர். வீட்டில் பேசுகிற வேலையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர். காப்பி, டீ எதுவும் தொடமாட்டார். காலையில் ஒரு தம்ளர் வெந்நீர் குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார்.

அக்காவுக்கோ காப்பி இல்லாமல் பொழுது விடியாது. எண்ணெய் கசியும்வரை கருக வறுத்த கொட்டை, பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, வடிகட்டி, உதடு பொசுங்குகிற சூட்டில் குடிப்பாள். "முகத்துல ஒரு அறை விழுந்த மாதிரி இருக்கணும்டி, அதுதான் காப்பி" என்பாள். தங்கையும் அதே காப்பியைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருந்ததா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவில்லை.

அக்காவின் மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது ஒரு மழைக்காலத்தில். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய், நாற்காலியில் சாய்ந்து, கையில் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். முடி கொட்டியது. அக்கா அதற்கு அலட்டிக்கொள்ளவில்லை. டிப்போவில் கொடுத்த தொப்பியை வீட்டிலும் போட்டுக்கொண்டாள். வாந்தியையும் சமாளித்தாள். அவளைக் கீழே தள்ளியது காப்பிதான்.

ஒரு காலையில் முதல் வாய் குடித்தவள் எழுந்து போய்க் கழுவுதொட்டியில் துப்பினாள்.

"இதுல என்னத்தடி போட்டே? பழைய சாவியை வாயில வச்ச மாதிரி இருக்கு."

தங்கை எதுவும் போடவில்லை. மறுபடி போட்டுக் கொடுத்தாள், அதுவும் அப்படியே. வேறு தண்ணீர், வேறு பாத்திரம், எதிலும் மாற்றமில்லை. சாப்பாடும் அதே கதைதான் என்றாலும், அதை அக்கா மருந்து மாதிரி நினைத்து விழுங்கிவிடுவாள். காப்பியை அப்படி விழுங்க அவளுக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நாளில் காலையில் அடுக்களைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அத்தான் வெந்நீர்த் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நிற்பார். வெந்நீரை அங்கேயே குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார். அந்த வீட்டில் காலை நேரம் அவ்வளவு சத்தமில்லாமல் இருந்ததே இல்லை.

தங்கை டாக்டரிடம் கேட்டாள். அந்த மருந்துக்கு இப்படி ஆவது சகஜம், சிகிச்சை முடிந்தபின் நாக்கு மெல்லத் திரும்பி வந்துவிடும் என்றார் அவர். அதுவரை எஃகுப் பாத்திரம் வேண்டாம், பீங்கானில் கொடுத்துப் பாருங்கள், எது வாய்க்குப் பிடிக்கிறதோ அதைக் கொடுங்கள், சின்னக் கப்பில் காப்பி குடித்தால் தப்பில்லை என்றும் சொன்னார்.

எது பிடிக்கிறதோ அது. சொல்வது சுலபம்.

கண்ணாடிக் கடைக்கு இரண்டு கடை தள்ளி, முன்பு செருப்பு விற்றுக்கொண்டிருந்தவர் இப்போது காப்பிக்கொட்டை விற்றுக்கொண்டிருந்தார். பெரிய கடைகள் வந்தபின் செருப்பு வியாபாரம் படுத்துவிட்டது. கடையை மாற்றினாரே தவிர அலமாரிகளை மாற்றவில்லை. ஆண்கள் செருப்பு இருந்த தட்டுகளில் இப்போது கண்ணாடி ஜாடிகள். செருப்புப் போட்டுப் பார்க்கத் தரையை ஒட்டிச் சுவரில் பதித்த கண்ணாடிகளும் அப்படியே இருந்தன. காப்பி வாங்க வந்தவர்கள் காரணமில்லாமல் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வைத்திருந்தார். தெருவில் யாரும் அதைப் படிக்கவில்லை. எல்லோருக்கும் அது செருப்புக்கடைதான், அவர் செருப்புக்கடைக்காரர்தான். "செருப்புக்கடையில போய் அரைச்சு வாங்கிட்டு வா" என்று வீட்டில் சொல்லியனுப்புவார்கள்.

தங்கை போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு ஜாடியை எடுத்து, இதில் ஆரஞ்சுத் தோல் வாசனை வரும் என்றார். இன்னொன்றில் பாதாம், மற்றொன்றில் காட்டுப் பூக்களின் தேன். கொட்டை அனுப்புகிறவர்கள் மூட்டையில் ஒட்டியனுப்பும் வார்த்தைகளை அவர் பக்தியோடு மனப்பாடம் செய்திருந்தார். தங்கை ஆரஞ்சையும் பாதாமையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் போய் அக்காவுக்குப் போட்டுக் கொடுத்தாள், அவர் சொன்னதையும் சொன்னாள்.

"எனக்கு ஆரஞ்சு வேணும்னா ஆரஞ்சு வாங்கித் தின்ன மாட்டேனா?" என்றாள் அக்கா. ஆனால் பல நாளைக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த முறை தங்கை தன் தொழில் புத்தியைக் காட்டினாள். ஒரே மாதிரி இரண்டு சின்னப் பீங்கான் கிண்ணம். ஒன்றில் ஒரு கொட்டை, மற்றதில் வேறு. எது எது என்று சொல்லமாட்டாள். அக்கா ஒரு வாய் இதில், கொஞ்சம் தண்ணீர், ஒரு வாய் அதில். ஒன்று நன்றாக இருக்கிறதா, இரண்டு நன்றாக இருக்கிறதா? அக்கா சொன்னதை வைத்துக்கொண்டு மறுநாள் அதனோடு இன்னொன்று. வில்லை மாற்றுகிற மாதிரிதான். அக்காவும் ஒத்துழைத்தாள். "ரெண்டாவது பரவாயில்ல." "இன்னிக்கு ஒண்ணுதான்." தங்கைக்கு உற்சாகம் தாங்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் எல்லாம் செருப்புக்கடைக்கு ஓடினாள். அவரும் சளைக்கவில்லை. போட்டுப் பார்க்காமல் யார் செருப்பு வாங்குவார்கள், காப்பிக்கும் அதுதானே நியாயம் என்று சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்.

அக்கா தேர்ந்தெடுத்த வரிசையில்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. முதலில் லேசாக வறுத்தது பிடித்தது, அடுத்து நன்றாக வறுத்தது, மறுபடி லேசாக வறுத்தது. ஒரு திசையில் போகவில்லை. கண் பரிசோதனையில் இப்படி வந்தால் அவள் என்ன செய்வாள் என்பது அவளுக்குத் தெரியும். சிலர் சோதிக்கிறவரைத் திருப்திப்படுத்துவதற்காக ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு அவள் ஒரே வில்லையையே இரண்டு தடவை காட்டுவாள்.

மறுநாள் காலையில் இரண்டு கிண்ணத்திலும் ஒரே காப்பியை ஊற்றிக் கொண்டுபோனாள். அக்காவிடம் அவள் இப்படி ஒரு வேலை செய்ததேயில்லை.

அக்கா இதில் ஒரு வாய் குடித்தாள், தண்ணீர் குடித்தாள், அதில் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிற மாதிரி இருந்தாள்.

"ரெண்டாவது நல்லா இருக்கு. முதலாவது கொஞ்சம் கசப்பு."

அக்கா கண்ணைத் திறந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ டிரைவர்களின் பொய்யை முகத்தைப் பார்த்தே பிடித்தவள், புரிந்துகொள்ள நேரமாகவில்லை.

"ரெண்டும் ஒண்ணா?"

"ஆமா."

அக்கா கிண்ணங்களைத் தட்டில் வைத்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலடி. எல்லாம் சாவிதான். நீ வேலையை விட்டுட்டு ஓடி ஓடிக் கொண்டு வர்றே. உன் மூஞ்சியைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

"எனக்காகவா இத்தனை நாள் குடிச்சே?"

"வேற யாருக்காக?"

அப்புறம் அக்கா அழுதாள். முடி கொட்டியபோது அழாதவள், தொப்பி கழன்று விழுகிற அளவுக்கு அழுதாள். தங்கை கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்காவுக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமே இல்லாதவள் அவள். கடைசியில் அவள் வாயில் வந்தது வேலையில் சொல்வதுதான். சிலருக்கு எந்த வில்லையும் தெளிவாக இருக்காது, அப்போது எது தெளிவு என்று கேட்கக்கூடாது, எது மங்கல் குறைவு என்று கேட்க வேண்டும் என்றாள்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எது கம்மியா மோசம்னு கேளு. அதுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து காலைகள் வேறு மாதிரி ஆயின. அக்கா வாயை அடக்கவில்லை. ஒன்று மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, இன்னொன்று டிப்போ டயர், வேறொன்று யாரோ கை துடைத்த துணி. தங்கை இந்தத் தீர்ப்புகளை அப்படியே செருப்புக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னாள். முதலில் அவருக்கு மனசு சங்கடப்பட்டது. பிறகு அதில்தான் விஷயம் இருக்கிறது என்று அவருக்குப் பிடிபட்டது. டயர் என்றால் கருக வறுத்தது, அதை விலக்கிவிடலாம். அட்டைப்பெட்டி என்றால் வறுத்து நாளாகி வாசனை போன கொட்டை. அது அக்காவின் நாக்குக் கோளாறு மட்டுமல்ல, தன் ஜாடியின் கோளாறும்தான் என்று ஒப்புக்கொண்டு அந்த ஜாடியைக் காலி செய்தார். ரொம்ப லேசாக வறுத்ததில் புளிப்பு தூக்கலாக இருந்தது. மருந்தால் புண்பட்டிருந்த வாய்க்கு அது எரிந்தது. அதையும் விலக்கினார்கள். நடுத்தரமாக வறுத்ததில், பழத்தோல் உரித்துக் கழுவிக் காயவைத்த கொட்டையைவிட, பழத்தோடேயே வெயிலில் காயவைத்த கொட்டையில் கசப்பு குறைவாக இருந்தது, ஒரு மெல்லிய இனிப்பும் இருந்தது. கொதி அடங்கிய தண்ணீரில் அதைப் போட்டு, ஆறவைத்துக் கொடுத்தாள் தங்கை. வெதுவெதுப்பான காப்பி என்றால் ஒரு காலத்தில் அக்கா கிண்ணத்தோடு வீசியிருப்பாள்.

"இதுல சாவி கொஞ்சம் தூரத்துல இருக்கு" என்றாள் அக்கா. மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

தங்கை ஒரு வாரம் கழித்து, சொல்லாமல், அதே காப்பியை இரண்டு கிண்ணத்திலும் வைத்தாள். அக்கா மாறி மாறிக் குடித்துவிட்டு, "ஏன்டி, ஒரே காப்பியைக் குடுத்து என்னை ஏமாத்தப் பாக்கிறியா?" என்று கேட்டாள். தங்கைக்கு அன்று முழுக்கக் கடையில் கால் தரையில் படவில்லை.

இந்தக் காலத்தில்தான் இன்னொரு காரியமும் நடந்தது. அக்காவுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு காப்பியையும் தங்கை ருசி பார்ப்பாள். ஒருநாள் அக்கா கேட்டாள், உனக்கு இதில் எது பிடிக்கிறது என்று. நீ எதைச் சொல்கிறாயோ அதுதான் என்றாள் தங்கை. அக்காவுக்கு எரிச்சல் வந்தது. படுத்திருந்து படுத்திருந்து அலுத்துப்போயிருந்தவளுக்கு ஒரு வேலையும் கிடைத்தது. தங்கையைக் கட்டிலில் உட்காரவைத்து, அத்தானைப் பட்டறைக்குப் போகவிடாமல் நிறுத்தி, அவரைக் காப்பி போடச் சொன்னாள். வாழ்நாளில் காப்பி குடிக்காத மனிதர், மோட்டாருக்கு எண்ணெய் விடுகிற நிதானத்தோடு தண்ணீர் ஊற்றினார்.

"ஒண்ணா, ரெண்டா?" என்று அக்கா டிப்போக் குரலில் கேட்டாள்.

தங்கை திணறினாள். நாற்காலியின் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள், அங்கே விடை கிடைக்குமா என்று. அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் தங்கை வாயில் இருந்ததைக் கவனித்தாள். "ரெண்டு" என்றாள். கிண்ணங்களை மாற்றி வைத்தார்கள், மறுபடி அதையே பிடித்தாள். அடுத்த நாளும் அதையே. அது அக்காவுக்கு ஆகாது என்று தள்ளிவைத்த கொட்டை: ரொம்ப லேசாக வறுத்தது, புளிப்பு தூக்கலானது, அக்காவின் வாயை எரித்தது.

"இதுவா?" என்றாள் அக்கா. "இது காப்பியே இல்லடி. காய் வேகவச்ச தண்ணி."

"எனக்கு நல்லா இருக்கு" என்றாள் தங்கை.

அக்காவிடம் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் பயந்துபோனாள். அக்கா அவளை ஒரு நிமிடம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அத்தானிடம் அந்தப் பொட்டலத்தைத் தனியாக எடுத்துவைக்கச் சொன்னாள்.

சிகிச்சை முடிந்தது. நாக்கு உடனே திரும்பவில்லை. டாக்டர் சொன்னபடி மெல்ல மெல்ல, உப்பு முதலில், இனிப்பு பிறகு என்று வந்தது. தலையில் குட்டை முடி முளைத்தபோது சாவி போய்விட்டிருந்தது. ஒருநாள் செருப்புக்கடைக்காரர் கதவைத் திறந்துவைத்துக் கொட்டை அரைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வந்த அக்கா தெருவிலேயே நின்றுவிட்டாள். கருக வறுத்த கொட்டையின் வாசனை. உள்ளே போய் அதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பழையபடி கொதிக்கக் கொதிக்கப் போட்டாள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். கரி மாதிரி இருந்தது. இத்தனை வருடம் இதையா குடித்தோம் என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அதற்கு ஒரு படி குறைவாக வறுத்ததைத் தேடிப் பிடித்து அதில் நிலைத்தாள். நோயில் குடித்த அந்த இனிப்புக் கொட்டையை மட்டும் அவளால் மறுபடி வாயில் வைக்க முடியவில்லை. அந்த வாசனை வந்தாலே மருத்துவமனை நாற்காலி ஞாபகம் வருகிறது என்றாள். யாரும் அதை வற்புறுத்தவில்லை.

தான் தேறிவிட்டதால் தங்கையும் பழையபடி தன்னோடு சேர்ந்து ஒரே காப்பியைக் குடிப்பாள் என்று அக்கா நினைத்திருந்தாள் போலிருக்கிறது. காலையில் இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். தங்கை தன் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, தன் கொட்டையை அரைக்க ஆரம்பித்தாள். லேசாக வறுத்த கொட்டை கெட்டியாக இருக்கும். கையரைப்பான் கடகடவென்று சத்தம் போட்டது. அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு காப்பியா, அடுப்பு என்ன ஹோட்டல் அடுப்பா என்று நாலைந்து நாள் முனகினாள். தங்கை சரி என்றும் சொல்லவில்லை, சண்டையும் போடவில்லை. தினமும் தன் காப்பியைப் போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். அத்தான்தான் ஒருநாள் வாயைத் திறந்தார்.

"நான் இத்தனை வருஷமா வெந்நீர் குடிக்கிறேன். என்னை யாரும் ஒண்ணும் சொல்லலையே."

அன்றோடு அக்கா வீட்டில் முனகுவதை நிறுத்தினாள்.

அக்கா டிப்போவுக்குத் திரும்பிய வாரம், எல்லோரிடமும் தன் தங்கையின் நாக்கைப் பற்றிப் புகார் சொன்னாள். நல்லா இருந்த பொண்ணு, புளிப்புத் தண்ணியைக் காப்பி என்று குடிக்கிறாள் என்று. டிரைவர்கள் சிரித்தார்கள், அந்தக் குரல் திரும்பி வந்ததே போதும் என்று அவர்களுக்கு இருந்தது.

அதே வாரத்தில் ஒரு மாலை தங்கை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மாடியறை மேசைமேல் ஒரு பொட்டலம் இருந்தது. அவளுடைய கொட்டை. பிரித்ததும் புதிதாக வறுத்த வாசனை வந்தது. மறுநாள் அவளிடம் செருப்புக்கடைக்காரர்தான் சொன்னார்: அக்கா வந்து ஜாடியைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தாராம், இது பழசு, அட்டைப்பெட்டி வாசனை வருது, என் தங்கச்சிக்கு இதைக் குடுக்காதீங்க என்றாராம், புது மூட்டையைப் பிரிக்கும்வரை கடையை விட்டு நகரவில்லையாம்.